ஆவணிக் கல்யாணமும் ஊர்ப் பச்சையும்

சத்தியமங்கலம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து தோட்டத்திலேயே இருக்கிறார். விடிகாலையில் சம்பங்கிக்குள் இறங்கினால், நான் போய்க் கூப்பிட்டால்தான் டிபனுக்கு வருவார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

அம்மிணிக்கு ஆவணியில் கல்யாணம் என்று படித்ததும் அப்படியே எழுந்து போய் இவரிடம் சொன்னேன். ரிசப்ஷனை இலையும் பூவுமாகக் கிராமத்துச் சாயலில் செய்ய அவள் ஆசைப்படுவதும், டெக்கரேஷன்காரர் காட்டுகிற எதுவும் உனக்கு மனசுக்கு ஒட்டவில்லை என்பதும் புரிந்தது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். எல்லாம் பம்பாஸ் புல்லும் வெளிறிய ரோஜாவும். அழகுதான், ஆனால் அது வேறு ஏதோ தேசத்துக் கிராமம். கோயம்புத்தூர் மண்டபத்தில் நம் பெண் நிற்கப்போகிறாள். சுற்றுவட்டாரத்தில் அந்த மாதத்தில் என்ன விளைகிறது என்று கேட்டு, அதிலிருந்து தொடங்கச் சொல்.

என் அண்ணன் மகளுக்குத் தையில் கல்யாணம் நடந்தது உனக்குத் தெரியும், உன்னால்தான் வர முடியவில்லை. பனியில் மல்லி வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற மாதம் அது. அண்ணி தலைக்கு வைக்க மட்டும் மல்லி வாங்கிவிட்டு, மேடைக்கு வேறு வழி பார்த்தார். நெல் அறுப்பு சமயம் என்பதால் கதிர்க்கட்டுகள் கிடைத்தன. கரும்பு நின்றது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, ஆவாரம்பூவோடு பூளைப்பூவையும் சேர்ப்போமே, அந்தப் பூளைப்பூவைக் கைகொள்ளாமல் கொண்டுவந்து கதிருக்கு நடுவே செருகினார்கள். அது காய்ந்தாலும் உதிராது, வெள்ளை வெள்ளையாக அப்படியே நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் அந்த மேடையைப் பார்த்தபோது, வந்திருந்த வயசானவர்கள் ஒவ்வொருவரும் கிட்டே போய்க் கதிரைத் தொட்டுப் பார்த்தார்கள். இறக்குமதிப் பூவை யாரும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

உனக்கு ஆவணி. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஓணமும் பெரும்பாலும் ஆவணியில்தான் வரும். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் கேரளத்தில் பூக்கோலம் போடுவதால், செண்டுமல்லி, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் இங்கிருந்தும் கோவையிலிருந்தும் அந்தப் பக்கம் போய்விடும். விலை ஏறும். விநாயகர் சதுர்த்தி வேறு. தேதி அந்தப் பத்து நாளுக்குள் விழுந்தால் பூவைக் குறைத்து இலையைக் கூட்டு. சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முழுக்கப் பூவால் மூடிய மேடையில் கண் எங்கேயும் நிற்பதில்லை. பச்சை நிறைய இருந்து பூ கொஞ்சமாக இருந்தால் ஒவ்வொரு பூவும் தெரியும்.

இலைக்கு என்ன பஞ்சம்? குலை தள்ளிய வாழை, பாக்குக் குலை, மாவிலை, பனையோலை, நெட்டிலிங்கம், வெற்றிலைக் கொடி, மரிக்கொழுந்து. எல்லாவற்றையும் விடத் தென்னங்குருத்து. கிளி, மீன், பூப்பந்து என்று பின்னிக் கொடுக்கிற கைகள் இன்னும் நம் பக்கம் இருக்கின்றன. வேலையை அவர்களிடம் கொடு. கல்யாணத் தோரணமும் துக்க வீட்டுத் தோரணமும் வேறு வேறு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்: குருத்து எந்த மரத்திலிருந்து வருகிறது என்று. தென்னைக்கு ஒரே வளர்முனைதான், ஆழமாக வெட்டினால் மரமே போய்விடும். எப்படியும் வெட்டப்போகிற மரத்துக் குருத்தாக இருந்தால் மனசு உறுத்தாது.

மேடைக்குச் சட்டம் வேண்டும் என்றால் உண்ணிச்செடிக் குச்சியைப் பரிசீலிக்கச் சொல். காட்டை அடைத்துக்கொண்டு மற்ற செடிகளை எழவிடாமல் செய்வது அது. எவ்வளவு வெட்டினாலும் காட்டுக்கு நல்லதுதான். பட்டை உரித்தால் நல்ல வழவழப்பு, வளைத்தாலும் வளையும்.

அப்புறம், பூ செருகுகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்ச். தயவுசெய்து வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடு. அது பினால் பார்மால்டிஹைடு பிளாஸ்டிக். மக்காது, பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணிலும் தண்ணீரிலும் சேரும். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கமே 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதை அனுமதிப்பதில்லை. நமக்கு அது எதற்கு? வாழைத்தண்டைக் குறுக்காக வெட்டி வைத்தால் போதும், அதிலேயே ஈரம் இருக்கிறது. ஈர்க்குச்சியில் கோத்த பூவைக் குத்தினால் அசையாமல் நிற்கும். கட்டுவதற்கு வாழை நார். நம் பாட்டிமார்கள் கோயில் அலங்காரத்துக்குச் செய்தது இதைத்தான்.

சம்பங்கியை நான் அனுப்புகிறேன், அதற்குப் பணம் பேசாதே. சாயங்காலம்தான் மொட்டு விரியும், ரிசப்ஷன் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஆனால் வாசல், மேடை இரண்டோடு நிறுத்து. சாப்பாட்டு ஹாலில் அந்த வாசம் சாம்பார் வாசத்தை அமுக்கிவிடும். அரளியையும் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்க வேண்டாம், அது விஷம்.

மேஜைகளுக்கு எனக்கு ஓர் ஆசை. சடங்குக்கு வைக்கிற பாலிகையைத் தொடாமல், தனியாகச் சின்ன மண் கலயங்களில் நவதானியம் விதைக்கலாம். ஒரு வாரத்தில் விரல் உயரத்துக்கு மேல் வந்துவிடும். வெயில் பட வளர்த்தால் பச்சை, இருட்டில் வைத்தால் இளமஞ்சள். இரண்டையும் கலந்து வைத்தால் அவ்வளவு நன்றாக இருக்கும். போகிறவர்கள் கலயத்தை எடுத்துக்கொண்டு போகலாம்.

தேதி முடிவானதும் உன் வீட்டு அண்ணனிடம் சொல்லி மண்டபத்தின் அளவை எழுதி அனுப்பு, மேடை உயரத்தையும் சேர்த்து. குருத்து பின்னுகிறவர்களிடம் நான் பேசி வைக்கிறேன். முகூர்த்த மாதத்தில் அவர்கள் சீக்கிரம் புக் ஆகிவிடுவார்கள். கலயத்தில் விதைக்க நானே முன்கூட்டி வந்துவிடுகிறேன், உன் வீட்டு மொட்டை மாடியை எனக்கு ஒழித்துக் கொடு. அம்மிணியிடம் சித்தி விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி