கடிதத்துக்குள் இலக்கணம்

ஐயா,

பெரியவர்களுக்கான மாலைநேர ஆங்கில வகுப்பு பற்றிய தங்கள் செய்தியை வாசித்தேன். நல்ல காரியம்தான். ஆனால் முதலில் இலக்கணம், அப்புறம் வணிகக் கடிதம் என்று பாடத்தைப் பிரித்திருப்பது சரிப்படாது. கடையை அடைத்துவிட்டு வருகிறவர்களுக்கு பெயர்ச்சொல்லை விளக்கும் துணைவாக்கியத்தை (adjective clause) மட்டும் தனியாக நடத்தினால் கொட்டாவிதான் வரும்.

பாளையங்கோட்டையில் நானும் இப்படியொரு வகுப்பு எடுக்கிறேன். பத்தமடைப் பாய் வியாபாரி ஒருவர் பாக்கிப் பணம் கேட்டு எழுதிய கடிதத்தில், 'போன வாரம் அனுப்பிய பாய்' என்று நாம் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சொல்லும் விளக்கத்தை ஆங்கிலத்திலும் அப்படியே முன்னால் வைத்திருந்தார். 'தி மேட்ஸ் விச் வி சென்ட் லாஸ்ட் வீக்' என்று பின்னால் தள்ளி எழுதிக் காட்டியதும், அடுத்த வரியை 'தி பில் விச்...' என்று அவரே தொடங்கிவிட்டார். (டியர் சர் என்று ஆரம்பித்தால் யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி, பெயர் போட்டு ஆரம்பித்தால் யுவர்ஸ் சின்சியர்லி என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.) ஆகவே வகுப்புக்கு வருகிறவர்களை, தங்களுக்கு வந்த அல்லது தாங்கள் அனுப்ப வேண்டிய ஏதாவதொரு கடிதத்தை முதல் நாளே கையோடு கொண்டுவரச் சொல்லி, பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.

- ஓர் ஆசிரியர், பாளையங்கோட்டை