திருக்கோணமலையிலிருந்து, உயிர்த்த ஞாயிறு கழிந்து

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து கொஞ்ச நாளாகிவிட்டது. பெரிய வாரம், சித்திரை வருடப்பிறப்பு, கொழும்பிலிருந்து வந்த சொந்தங்கள் என்று வீடு நிறைந்து கிடந்ததில் பேனையைத் தொடவே நேரம் வரவில்லை. இந்த 2025இல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: ஏப்ரல் 12 பௌர்ணமிப் போயா விடுமுறை, 14 வருடப்பிறப்பு, 18 பெரிய வெள்ளி, 20 உயிர்த்த ஞாயிறு. தெற்கிலிருந்து கடல் குளிக்க வந்த சனத்தால் உப்புவெளியும் நிலாவெளியும் நிரம்பி, பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. இப்போதுதான் ஊர் பழையபடி ஆகியிருக்கிறது. ஆறுதலாக எழுதுகிறேன், நீளமாகத்தான் வரும்.

உன் மகள் கேட்டதாக எழுதியிருந்தாய், "அப்பா, நீங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஈஸ்டருக்கு முட்டை தேடினீர்களா?" என்று. முட்டைக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் வெங்காயத் தோல் போட்டு அவித்துச் சிவப்பாக்கிய முட்டையை ஆளுக்கொன்று தருவார், உரித்துத் தின்றுவிட்டு விளையாட ஓடுவோம், அவ்வளவுதான். ஒளித்துவைப்பதும் தேடுவதும் நமக்கு இருக்கவில்லை. அங்கே அவள் தன் சிநேகிதர்களோடு தேடுவது நல்லதுதான், தேடட்டும். ஆனால் நம்முடைய உயிர்த்த ஞாயிறு என்ன என்று அவள் கேட்டால் நீ பெரிய வியாழனிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும். அதை இணையத்தில் பார்த்து அவள் தெரிந்துகொள்ள முடியாது, நீதான் சொல்ல வேண்டும்.

மணியைப் பற்றிச் சொல்லு. வியாழன் மாலைப் பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது கோவில் மணி, பீடத்து மணி எல்லாவற்றையும் ஒருமிக்க அடித்துவிட்டால் பிறகு சனி இரவு வரை ஒரு மணியும் பேசாது. அந்த நாட்களில் சனத்தைக் கூப்பிட மரப்பலகைதான். நம் பக்கத்து வீட்டுப் பறங்கி மாமா செய்து கொடுத்த அந்தப் பலகை நினைவிருக்கிறதா, நடுவில் மரச் சுத்தியல் தொங்கும், ஆட்டினால் டக டக என்று தெருக்கோடி வரை கேட்கும்? பாலையூற்றுப் பறங்கியர் குடும்பங்களில் அந்தக் காலத்தில் தச்சு வேலை தெரியாத ஆள் குறைவு, மாமாவின் கைவேலை தனி. பூசைக்கு உதவி செய்யும் பெடியன்களுக்குள் அந்தப் பலகையை யார் தூக்குவது என்று தவக்காலம் முழுக்கப் பேச்சுவார்த்தை நடக்கும். பெரிய வெள்ளி சிலுவைப்பாதையில் நீ அதைத் தட்டிக்கொண்டு முன்னால் போன வருடம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு வீட்டுப் படலையில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து விளக்கு வைத்திருப்பார்கள், பதினான்கு நிலையும் முடியும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். வீட்டில் ஒருசந்தி, உப்புக் கஞ்சியும் ஒரு துண்டு தேங்காயும். உப்புவெளியில் வள்ளம் வைத்திருந்த சின்னமாமா அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டார். பிற்பகலில் கோவிலுக்கு வந்து சிலுவையை முத்தி செய்துவிட்டு, பாடுகளின் புலம்பலான பசாம் பாடுகிற கிழவிகளுக்குப் பின்னால் போய் நிலத்தில் உட்கார்ந்துவிடுவார். அப்படி அவர் பேசாமல் இருப்பதை வருடத்தில் அந்த ஒரு நாள்தான் பார்க்கலாம்.

அப்புறம் சனி இரவு. மச்சான், எனக்கு இந்த வயதிலும் நத்தாரை விடப் பெரிய இரவு இதுதான். கோவிலில் ஒரு விளக்கும் இல்லை, சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணிக்குள். வெளியே முற்றத்தில் பொச்சும் விறகும் அடுக்கிப் புதுத்தீ மூட்டுவார்கள். பாஸ்காத் திரியில் சுவாமி சிலுவை கீறி, அகரமும் னகரமும் அந்த வருடத்தின் நான்கு இலக்கங்களும் எழுதி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதித்து, அந்தத் தீயிலிருந்து ஏற்றுவார். "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று மூன்று தரம் பாடிக்கொண்டு இருட்டுக்குள் போகும்போது ஒரு திரியிலிருந்து இன்னொரு திரிக்கு நெருப்பு போகும், கோவிலின் முன்பக்கத்திலிருந்து கடைசி வாங்கு வரைக்கும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் நீளம், சின்னப் பெடியன்கள் பீடத்துப் படியிலேயே தூங்கி விழுவோம், செங்கடல் வாசகத்துக்கு மட்டும் எழும்புவோம். பிறகு "உன்னதங்களிலே" தொடங்கும், திரை விழும், விளக்கெல்லாம் எரியும், இரண்டு நாளாக வாய்மூடி இருந்த மணிகள் அத்தனையும் சேர்ந்து அடிக்கும். நீ பெரிய மணிக் கயிற்றில் தொங்கி மேலே போய்க் கீழே வருவாயே, அதை மகளுக்குச் சொன்னாயா?

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கம் இருந்தது. அப்பப்பா அரிக்கன் லாம்பு ஒன்றைத் துடைத்து எண்ணெய் விட்டுக் கோவிலுக்குக் கொண்டுவருவார். பாஸ்காத் திரியிலிருந்து வந்த நெருப்பை அதில் ஏற்றி, அணையாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், முதலில் சுரூபத்துக்கு முன் விளக்கு, அடுத்தது குசினியில் அடுப்பு. உயிர்த்த ஞாயிறு காலைச் சமையல் அந்த நெருப்பில்தான். புதுத் தீர்த்தத்தையும் போத்தலில் கொண்டுவந்து வாசல், கிணறு, மாட்டுக்கொட்டில் எல்லாம் தெளிப்பார். அடுத்த நாள் சின்னமாமா தன் பங்கை வாங்கிக்கொண்டுபோய் வள்ளத்துக்கும் வலைக்கும் தெளிப்பார். வாடை ஓய்ந்து இங்கே கடல் இளகுகிற காலமும் அதுதானே. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் மீன்பிடி சீசனுக்கு வந்து கரையில் தங்கக் கொட்டிலாக வாடி போடத் தொடங்குவார்கள், நம் கோவிலில் ஞாயிறு பூசைக்குச் சிங்களத்திலும் பாட்டுக் கேட்கும்.

போர்க்கால ஊரடங்கு வருடங்களிலும் அப்பப்பா அந்த லாம்பை விடவில்லை. இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் என்பதால் சில வருடங்களில் அந்தச் சனி இரவுத் திருவிழிப்பைப் பொழுது சாயும் முன்பே வைத்தார்கள், வெயிலுக்குள் புதுத்தீ எரிந்தால் கண்ணுக்கே தெரியாது, சூடு மட்டும்தான். அந்த வெயிலுக்குள்ளும் எரிகிற லாம்பைப் பிடித்துக்கொண்டு தெருவால் வருவார். சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் ஒருவன் ஒருநாள் மறித்து, பகலில் எதற்கு விளக்கு என்று கேட்டான். அப்பப்பா தன் உடைந்த சிங்களத்தில், இது கோவில் நெருப்பு, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு வழி விட்டான். நீ அப்போது போய்விட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் தட்டைப் பற்றி நீயே உன் கடிதத்தில் கேட்டிருந்தாய். இன்னும் போகிறது. காலையில் இடியப்பம், கோழிக்கறி, சொதி, கட்டைச் சம்பல், கொக்கிஸ். வீட்டில் ஒருவரும் கை வைக்கமுதல் நான்கு தட்டு அக்கம்பக்கம் போக வேண்டும், அது அம்மம்மா காலத்துச் சட்டம். கோயிலடி ஐயா வீட்டுக்கு மரக்கறியும் பழமும், அவர்களிடமிருந்து வருடப்பிறப்புக்கு வரும் பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் பதில். அயல் முஸ்லிம் வீட்டு ராத்தாவுக்குக் கோழிக்கறி போகவேண்டும் என்பதற்காகவே அம்மா கோழியை எப்போதும் முஸ்லிம் கடையில்தான் வாங்குவார், எங்களுக்கும் அதே கறிதான். பெருநாளைக்கு அந்தத் தட்டு வட்டிலப்பத்தோடு திரும்பி வரும், ஒருநாளும் வெறும் தட்டாக வந்ததில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று கோவில்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்ததை நீ அங்கே தொலைக்காட்சியில் பார்த்தாய். நாங்கள் முதல்நாள் இரவுத் திருவிழிப்பு முடித்து, பிந்தி எழும்பி, அம்மா தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். முதலில் கொச்சிக்கடை என்றார்கள். கொழும்புக்குப் போகிற நம் ஆட்கள் யார்தான் அந்தோனியார் கோவிலுக்குப் போகாமல் வருவார்கள், எந்தக் குடும்பம் அங்கே நின்றதோ என்று ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கும்போது கட்டுவாப்பிட்டி, பிறகு மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், பிறகு ஹோட்டல்கள். 260 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதில் எத்தனை பிள்ளைகள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா அழுதுகொண்டே தட்டை மூடி என் கையில் தந்து, "ஊரடங்கு போடுவார்கள், அதற்குள் ராத்தாவிடம் கொடுத்துவிட்டு வா" என்றார். நான் தயங்கி நின்றேன், இன்றைக்கு எப்படியம்மா என்றேன். "இன்றைக்குத்தான் போக வேண்டும்" என்றார். ராத்தா படலையில் நின்று தட்டை வாங்கினார், ஒன்றும் சொல்ல முடியவில்லை, தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதார். பின்னேரம் அவருடைய மூத்த மகன் வந்து எங்கள் படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்தான், ஊரடங்கு தொடங்கும் வரை எழும்பவில்லை.

அதற்குப் பிறகு வந்த கிழமைகளில் கோவில்களில் ஞாயிறு பூசை நிறுத்தப்பட்டது, கர்தினாலின் பூசையை வீட்டிலிருந்தே தொலைக்காட்சியில் பார்த்தோம். முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு நாடு முழுக்க ஓடியது, நம் ஆட்களில் சிலரும் அதைச் சொன்னார்கள், எனக்கு அது இன்றைக்கும் ஆறாத கோபம். அம்மா பையை எடுத்துக்கொண்டு அதே கடைக்குத்தான் போனார், எல்லோரும் பார்க்க, நடுத் தெருவால். அந்த முறை சீசனுக்கு வந்த நீர்கொழும்பு ஆட்களில் ஒருவர் தன் தங்கையின் குடும்பத்தைக் கட்டுவாப்பிட்டியில் இழந்தவர். அவர் வாடிக்குள் மாதாவின் படத்துக்கு முன் மூன்று மெழுகுதிரி வைத்திருந்தார், எங்கள் வீட்டிலிருந்து அவருக்கும் சாப்பாடு போனது. இந்த முறை உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், அன்று இறந்தவர்களில் 167 பேரை விசுவாசத்தின் சாட்சிகள் என்று வத்திக்கான் பதிந்திருப்பதாகக் கர்தினால் அறிவித்தார். அந்த நீர்கொழும்புக்காரரை நினைத்துக்கொண்டேன்.

2020இல் கொரோனா ஊரடங்கு, கோவில் பூட்டு, அரிக்கன் லாம்பை வீட்டுத் திரியிலிருந்தே ஏற்றினோம். 2022தான் உனக்குச் சொல்ல வேண்டிய வருடம். காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மாவுக்கு வரிசை, இரவில் கரண்ட் இல்லை. ஏப்ரல் 15 பெரிய வெள்ளி, ராத்தா வீட்டில் நோன்பு. பின்னேரம் சிலுவை முத்தி செய்துவிட்டு வந்தால் படலையில் ஒரு சட்டி நோன்புக் கஞ்சி. ராத்தா கூப்பிட்டுச் சொன்னார், "இதில் இறைச்சி போடவில்லை தம்பி, உங்களுக்கு இன்றைக்கு ஆகாதே, தனியாகக் காய்ச்சினேன்" என்று. விறகடுப்பில், அந்தத் தட்டுப்பாட்டுக்குள், இரண்டாவது சட்டி வைத்துக் காய்ச்சியிருக்கிறார். அந்த வருடத்திலிருந்து 2024 வரை மூன்று வருடமும் நம் உயிர்த்த ஞாயிறு அவர்களுடைய நோன்புக்குள்தான் விழுந்தது. அதனால் அம்மா தட்டைக் காலையில் அனுப்பாமல் பின்னேரம் நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சுடச்சுட அனுப்பினார். அம்மம்மாவின் சட்டத்தை மாற்ற அவருக்கு வேறு எந்தக் காரணமும் போதாது.

இந்த வருடம் மறுபடி காலைத் தட்டு. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, கதிரையில் இருந்துகொண்டு உப்பு, தேசிக்காய் எல்லாம் சொல்லிச் சொல்லி என் மகளைக் கொண்டு சமைப்பித்தார். லாம்பை இப்போது நான் தூக்குகிறேன். திருவிழிப்புக்குப் பேராலயத்தில் நல்ல சனம், வாசலில் பொலிஸ் நின்றது, பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது, எனக்குப் பழகவில்லை. உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கள் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. 2015 ஜனவரியில் அவர் மடுவுக்கு வந்தபோது அந்தச் சனக்கூட்டத்துக்குள் அம்மாவும் நின்றவர், செய்தி கேட்டதும் உடனே செபமாலையை எடுத்துவிட்டார்.

சரி, நான் கேட்க வந்தது இதுதான். 2026இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5, வருடப்பிறப்புக்கு முன்னமே வருகிறது, அதனால் டிக்கெட்டும் அறையும் இந்த வருடம் போல நெருக்கமாக இராது. பெரிய வியாழனுக்கு முதலே வந்து இறங்கு, ஞாயிறு மட்டும் வந்து போகிற மாதிரி வேண்டாம். பின்பக்க அறை சும்மா கிடக்கிறது, பாத்ரூமும் புதிதாகக் கட்டியாயிற்று. அந்த மரப்பலகை இப்போது இல்லை, ஆனால் பறங்கி மாமாவின் பேரன் பட்டறை வைத்திருக்கிறான், ஒன்று செய்து தா என்று சொல்லிவைத்திருக்கிறேன். உன் மகளுக்கு வியாழன் இரவு அதைத் தட்டிப் பார்க்க விருப்பமா என்று கேட்டு எழுது. ஞாயிறு காலை ராத்தா வீட்டுத் தட்டை அவளும் என் மகளும் சேர்ந்து கொண்டுபோகட்டும்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லு. அம்மா உனக்குக் கொக்கிஸ் அனுப்ப வேண்டும் என்று நிற்கிறார், அடுத்த மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், வாங்கியதும் ஒரு சொல் எழுது.

அன்புடன்,
உன் பாலையூற்று மச்சான்