நோரிச்சில் பிறந்த ஹாரியட்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மகன் வேலை மாறி அமெரிக்காவின் கனெக்டிகட்டுக்குக் குடிபெயர்ந்ததையும், பேரனுக்கு நீ தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருப்பதையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். இங்கே எல்லோரும் நலம். மீனாட்சியின் முழங்கால்தான் படுத்துகிறது. டாக்டர் அறுவை சிகிச்சை என்கிறார், அவள் எண்ணெய் போதும் என்கிறாள். இப்போதைக்கு எண்ணெய்தான் ஜெயித்திருக்கிறது.

ஆனால் ஒன்று. "ஊர் பெயர் நோரிச், பார்க்க ஒன்றுமில்லை" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கல்லூரி நூலகத்தில் நாம் இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசையில் வைப்போமே, வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி, அதைத் தொகுத்த அமெரிக்க மிஷனரி மைரன் வின்சுலோவின் முதல் மனைவி ஹாரியட் பிறந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ இப்படி எழுதலாமா? அந்த அம்மாள் 1796 ஏப்ரலில் அங்கே பிறந்தவர். தந்தை சார்ல்ஸ் லேத்ரப், தாய் ஜொவானா லெஃபிங்வெல். நீ நடைபோகும் வழியில் இந்த இரண்டு பெயர்களும் கண்ணில் படாமலா இருக்கும்?

லேத்ரப் வழியை மேலே பிடித்துக்கொண்டு போனால் ஜான் லோத்ரப் என்பவரிடம் போய் நிற்கும். இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாக இருந்து, மனம் ஒப்பாமல் வெளியேறி, லண்டனில் ஒளிந்து மறைந்து சபை கூட்டியவர். 1632இல் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அவர் உள்ளே இருந்தபோதே மனைவி இறந்துபோனார். 1634இல் வெளியே வந்ததும், பிள்ளைகளோடு கப்பலேறி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் சாமுவேல் பின்னாளில் நோரிச்சில் குடியேறினார். ஜான் லோத்ரப் என்ற அந்த ஒரு மனிதரின் வம்சத்தில் கிராண்ட், ரூஸ்வெல்ட், இரண்டு புஷ்கள் என்று ஜனாதிபதிகளாகவே வருகிறார்கள். அமெரிக்கர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். முந்நூறு, நானூறு வருடத்தில் ஒரு குடும்பம் எத்தனை கிளை விடும் என்று கணக்குப் போட்டால் அவ்வளவு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்பது என் கட்சி.

தாய்வழிதான் எனக்குச் சுவை. 1659இல் நோரிச் நிலத்தை மொஹிகன் என்ற பூர்வகுடியின் தலைவர் அன்கஸ் குடியேறிகளுக்கு எழுதிக்கொடுத்தார்: ஒன்பது மைலுக்கு ஒன்பது மைல், விலை 70 பவுண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நாரகன்செட் குடியினர் அன்கஸை முற்றுகையிட்டிருந்தபோது, தாமஸ் லெஃபிங்வெல் என்பவர் இரவோடு இரவாகப் படகில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார் என்று ஒரு கதை அந்த ஊரில் உண்டு. ஒரு படகுச் சோற்றுக்கு எவ்வளவு பெரிய பூமி கிடைத்தது என்று பார். அந்த வம்சத்தில் வந்த கிறிஸ்டபர் லெஃபிங்வெல்தான் ஹாரியட்டின் தாய்வழித் தாத்தா. கனெக்டிகட்டின் முதல் காகித ஆலையை 1766இல் நிறுவியவர் அவர். அமெரிக்க விடுதலைப் போரில் படைக்குச் சாமான் அனுப்பியவரும் அவரே. காகிதம் செய்தவர் பேத்தியைத் தமிழ் அகராதிக்காரர் கட்டிக்கொண்டார் என்றால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். லெஃபிங்வெல் வீடு இப்போது அருங்காட்சியகம். போய்ப் பார்த்துவிட்டு எழுது.

ஹாரியட் சிறு வயதிலேயே பக்தியும் பிடிவாதமும் கொண்டவர். நோரிச்சில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியது அவர்தான். ஓய்வுநாளில் பாடம் நடத்துவது அந்த நாளுக்கே இழுக்கு என்று ஊர்ப் பெரியவர்கள் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. 1819 ஜனவரியில் வின்சுலோவுடன் திருமணம்; அதே ஆண்டு ஜூனில் பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பலில் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். அந்தக் கப்பலில் வந்த இன்னொருவர் டாக்டர் ஜான் ஸ்கடர், நம் வேலூர் மருத்துவமனையை உண்டாக்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா. ஒரு கப்பலில் அகராதியும் வந்தது, ஆஸ்பத்திரியும் வந்தது.

யாழ்ப்பாணத்தில் உடுவில் என்ற ஊர்தான் அவர்களுக்குக் கிடைத்த மிஷன் நிலையம். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப யாரும் இசையவில்லை. படித்த பெண்ணை யார் கட்டிக்கொள்வார்கள் என்பதுதான் பெற்றோரின் கேள்வி. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு சிறுமிகள் மழையில் மாட்டிக்கொண்டு, வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்கியதில்தான் தொடக்கம் என்று சொல்வார்கள். எப்படியோ, 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளி நடக்கத் தொடங்கிவிட்டது. ஆசியாவிலேயே முதல் பெண்கள் விடுதிப் பள்ளி என்று அதைச் சொல்கிறார்கள். படிப்பை முடித்து மிஷன் ஒப்புக்கொண்ட இடத்தில் கல்யாணம் செய்துகொண்டால் பெண்ணுக்குச் சிறு சீதனமும் கொடுத்தார்கள். இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சீதனம் கொடுத்துப் படிக்க வைப்பதா, மதம் மாற்றுவதா என்று கேட்கலாம். இரண்டும்தான் என்பது என் பதில். மிஷனுக்கு ஆள் வேண்டியிருந்தது, பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்தது. ஊர் வழக்கத்தை ஊர் வழக்கத்தாலேயே வளைத்த சாமர்த்தியம் மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஹாரியட்டை நினைத்தால் பெருமிதத்தைவிட வேறொன்றுதான் முன்னே வந்து நிற்கிறது. உடுவிலில் பிறந்த மூத்த மகன் சார்ல்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயது நிறையுமுன், 1832 மே மாதத்தில், நியூயார்க்கில் அவன் இறந்துபோனான். கடிதம் கடல் கடக்க மாதக்கணக்காகும் காலம். ஊர்ப் பிள்ளைகளை வீட்டில் சேர்த்து எழுத்தறிவித்தவர், தன் பிள்ளையை அரை உலகத்துக்கு அப்பால் அனுப்பிவைத்தார். உன் மகன் வெளிநாடு கிளம்பிய இரவு விமான நிலையத்தில் நீ எப்படி இருந்தாய் என்று நான் பார்த்தேனே! அந்த மிஷன் குடும்பங்களில் பிள்ளைகளை இப்படி அனுப்புவது சாதாரணம் என்கிறார்கள். சாதாரணம் என்பதால் நோகாமல் போகுமா?

1833 ஜனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் காலமானார், வயது 36. அவருடைய தங்கைகள் மூன்று பேரும் மிஷனரிகளை மணந்து இதே பக்கம் வந்தவர்கள். அவர்களில் ஒருவர் கணவனோடு சில நாள் இடைவெளியில் காலராவுக்குப் பலியானார். இன்னொருவர் வந்து கொஞ்ச காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஜொவானா அம்மாள் நான்கு பெண்களைக் கப்பலேற்றி அனுப்பினார், மூவர் திரும்பவில்லை.

வின்சுலோ 1835இல் மனைவியின் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த அம்மாளின் கடிதங்களும் குறிப்புகளும் நமக்குக் கிடைப்பது அதனால்தான். பிறகு சென்னைக்கு வந்து பணிசெய்தார், மறுமணங்களும் செய்துகொண்டார். 67,000 சொற்களைத் தாண்டிய அகராதி 1862இல் வெளிவந்தது. ஹாரியட் இறந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. சரியாக நூறு வருடம் தள்ளி 1962இல் வாஷிங்டன் பக்கத்தில் ஒரு விமான நிலையம் திறந்தார்கள், டல்லஸ் என்று பெயர். நீ அதன் வழியாகப் போயிருப்பாய். அந்தப் பெயருக்குரிய ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் ஹாரியட்டின் கொள்ளுப்பேரன்.

எப்படி என்றால், உடுவிலில் பிறந்த மகளுக்கும் ஹாரியட் என்றே பெயர். அவர் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற பாதிரியாரை மணந்து, சென்னையில் சில ஆண்டுகள் இருந்து, அமெரிக்கா திரும்பினார். அவர்கள் மகன் ஆலன் மேசி டல்லஸும் பாதிரியார். அவருடைய பிள்ளைகள்தான் அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லஸ், சிஐஏ தலைவராக இருந்த ஆலன் டல்லஸ், பொருளாதார அறிஞர் எலினார் லான்சிங் டல்லஸ். முதலாமவரின் மகன் ஏவரி டல்லஸ் கத்தோலிக்கராகி, 2001இல் கர்தினாலே ஆகிவிட்டார். கத்தோலிக்கம் என்றாலே ஆகாத ஜான் லோத்ரப் கேட்டிருந்தால் மறுபடியும் ஜெயிலுக்கே போயிருப்பார்!

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் டல்லஸ் சகோதரர்களின் தாய்வழித் தாத்தாவும் வெளியுறவுச் செயலர், பெரியம்மாவோ சித்தியோ கட்டியவரும் வெளியுறவுச் செயலர் என்று பதவிகளைத்தான் அடுக்குகிறார்கள். உடுவில் அவர்கள் வாயில் வருவதில்லை. ஹாரியட் லேத்ரப் கல்யாணத்தில் வின்சுலோ ஆனார். மகள் வின்சுலோ, டல்லஸ் ஆனார். இரண்டு தலைமுறையில் இரண்டு முறை பெயர் மாறியதில் நோரிச்சும் மறைந்தது, யாழ்ப்பாணமும் மறைந்தது. நம் வீட்டிலும் அப்பாவின் அப்பாவின் அப்பா பெயர் சொல்வோம். அம்மாவின் அம்மாவின் அம்மா பெயரைக் கேட்டால் விழிப்போம். உனக்குத் தெரியுமா சொல்.

பேரனுக்கு ஆத்திசூடி அனுப்பச் சொன்னாயே, வாங்கி வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில், படம் போட்டது. பார்சல் செலவு புத்தக விலையைப்போல் பல மடங்கு வருகிறது. அடுத்த மாதம் யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மணியின் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம், உனக்குப் பத்திரிகை அனுப்ப முகவரி கேட்டான். கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
கதிரேசன்