பன்னு

சேலம்,
ஆடி 12

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று. உங்க அக்கா ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறார், பணத்தை எடுத்துவிட்டாள் என்று மருமகள் மேல் பழி போடுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் நாலு வருடத்துக்கு முந்தைய என் வீடுதான் கண்ணில் நின்றது. போன் போடலாம் என்று எடுத்தேன், பேச்சு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு காரியம் செய். ‘வயசானா மறதி வரும்’ என்று விட்டுவிடாமல் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல். அதில் கோளாறு இருந்தாலும் புத்தி தடுமாறும், அதற்கு மருந்து உண்டு. இரண்டே நாளில் குழப்பம் திடீரென்று கூடினால் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கணும். அம்மாவுக்கு இதெல்லாம் சரியாகவே இருந்தது. எல்லாப் பரிசோதனையும் முடித்த பிறகு அல்சைமர் என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்ச நாள் தாங்கும், நோயைத் திருப்பாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இந்த மாதிரி மறதி நோய், டிமென்சியா, இருக்கிறதாம், நாடு முழுக்க 88 லட்சம் பேர். ஆனால் நம் தெருவில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

ஒரு மார்கழி விடியற்காலை கதவு திறந்து கிடந்தது. அம்மா அஸ்தம்பட்டியிலிருந்து குகை வரைக்கும் வெறுங்காலோடு நடந்தே போயிருக்கிறாள். நாங்கள் முன்பு குடியிருந்த தெரு உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது செல்போன் கடையாகிவிட்ட எங்க தறிக்கூடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, “தறி நாடாவைக் காணோம்டா” என்றாள். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, “என்னால இனி முடியாதுங்க” என்று அழுதாள். அவள் முழங்கால் நிலைமைக்கு அதுவரை தாங்கியதே பெரிசு.

சாதாரண முதியோர் இல்லங்களில் ‘மறதிக் கேஸ் வேண்டாம் சார்’ என்றுவிட்டார்கள். எடுத்துக்கொண்ட ஓர் இடத்தில் ஒன்பதாம் நாள் போய்ப் பார்த்தால் அம்மாவின் மணிக்கட்டில் சேலைக் கரையின் தடம். கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். கேட்டால், “ராத்திரி எழுந்து போயிடறாங்க, நாங்க என்ன பண்றது?” அன்றைக்கே கூட்டி வந்துவிட்டேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இப்போது இருப்பது ஏற்காடு அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டி பக்கம். மறதி நோய்க்காரர்களுக்கென்றே நடத்துகிறார்கள். பதினாலு பேர்தான். அங்கே போய்த்தான் நான் வீட்டில் எத்தனை முட்டாள்தனம் பண்ணினேன் என்று தெரிந்தது. குளிக்க வரமாட்டேன் என்று அம்மா நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் கையைப் பிடித்து இழுப்பேன். குளியலறை வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதி அவள் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறதாம்! இங்கே அப்படி ஒன்றைப் போடவே மாட்டார்கள்.

சாயங்காலம் ஐந்தானால் “இண்டிக்கி போதாம்” (வீட்டுக்குப் போகலாம்) என்று தெலுங்கில் சொல்லிப் பையைத் தூக்கிக்கொள்வாள். ‘இதுதாம்மா வீடு’ என்று நான் மல்லுக்கட்டுவேன், கடைசியில் இரண்டு பேரும் அழுவோம். இங்கே நாலரைக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறார்கள். இருட்டும் நேரத்தில்தான் இவர்களுக்குப் பதற்றம் ஏறுமாம். சிஸ்டர் வந்து, “போதாம் அம்மா, காப்பி தாகி போதாம்” (போகலாம், காப்பி குடித்துவிட்டுப் போகலாம்) என்கிறாள். காப்பி குடித்ததும் முன்னால் ஒரு முறம் பூண்டு. உரித்து முடிக்கிற நேரத்துக்குப் போக வேண்டியதே மறந்துபோகிறது.

அந்தச் சிஸ்டர் ஆத்தூர்ப் பெண். போன மாசம் வரை தெலுங்கு அறவே தெரியாது. பின்னால் கற்ற பாஷை முன்னால் போகும் என்கிறார்கள். அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், தறிக்காரத் தெருவில் பேசிய தெலுங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. போன மாசம் ஒரு வாரம் பெரிய ரகளை. தட்டைத் தள்ளிவிடுகிறாள், சிஸ்டரை அறைந்தேவிட்டாள். ‘பன்னு, பன்னு’ என்று கத்தல். இவர்களும் பாவம், பேக்கரியிலிருந்து பன் வாங்கி, பாலில் தொட்டு ஊட்டப் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்துச் சுவரில் அடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் விஷயம் தெரிந்தது. தெலுங்கில் பன்னு என்றால் பல்லுடா! வாயைத் திறக்க வைத்துப் பார்த்தால் கடைவாய்ப் பல்லடியில் சீழ். பிடுங்கிய மூன்றாம் நாள் பழைய அம்மா.

அதே இடத்தில் வேறு யாராவது என்றால் ‘முரட்டுக் கேஸ்’ என்று தூக்க மாத்திரையைக் கூட்டியிருப்பார்கள். இந்தப் பெண் என்னிடம் ஒரு நோட்டை நீட்டி, “சார், இன்னும் என்னென்ன வார்த்தை இருக்கு, சொல்லுங்க” என்றாள். நீள்ளு (தண்ணீர்), ஆகலி (பசி), நொப்பி (வலி), சலி (குளிர்) என்று இருபத்திமூன்று வார்த்தை. தமிழ் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறாள். ‘நொப்பி – வலி’ என்பதன் கீழ் சிவப்பு மையில் இரண்டு கோடு.

செலவு மாதம் 28 ஆயிரம், டயப்பர் தனி. என் பென்ஷனில் பெரும்பகுதி அங்கேதான். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர்கள், பெற்றவளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். உறைக்கத்தான் செய்கிறது. ஆனால் பல் வலியில் துடித்தவளுக்கு ரசம் சாதத்தை ஊட்டியே தீருவேன் என்று நின்றிருக்கக்கூடிய மகன் நான், அது எனக்குத் தெரியும். உங்க அக்காவை உடனே எங்கேயும் சேர் என்று நான் சொல்லவில்லை. மருமகளால் முடிகிற வரை வீடுதான். ஆனால் எங்கே பார்க்கப் போனாலும் பகலில் போகாதே, சாயங்காலம் ஆறு மணிக்குப் போ. அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

நீ எப்போது வருகிறாய்? அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் நாலு மணிக்குள் வந்துவிடு. ‘என்னைத் தெரியுதா’ என்று மட்டும் கேட்காதே. என்னையே தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு ‘தம்முடு’ என்கிறாள், நானும் சரி என்று இருக்கிறேன். மாமா போய் ஐம்பது வருடமாகிறது. உன்னை யாராக ஆக்குவாளோ!

தட்டுவடை செட் இனி கடிக்க முடியாது. மெத்தென்று ஏதாவது வாங்கி வா. பன் மட்டும் வேண்டாம்.

உன்,
நாகராஜ்