ஃபார்மட் பண்ணவான்னு கேட்டா உடனே எஸ் குடுக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

எங்க வீடு சேலம் அம்மாபேட்டைல தறிக்காரங்க வீடு. அப்பா நாப்பது வருஷமா வேட்டிக் கரை டிசைனெல்லாம் கிராஃப் பேப்பர்ல கட்டம் கட்டமா வரைஞ்சு வெச்சிருந்தாரு, பேப்பர் செல்லரிக்க ஆரம்பிச்சதும் தம்பி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல ஏத்திக் குடுத்துட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான். அவன் லேப்டாப்ல இருக்கறது விண்டோஸ் இல்ல, உபுண்டு, அதாவது லினக்ஸ்ல ஒரு வகை.

போன மாசம் ரெண்டு டிசைன் பிரின்ட் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். டிஸ்க்கைச் சொருகினதும் ஃபார்மட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும், பண்ணவான்னு விண்டோஸ்ல ஒரு பெட்டி வந்துச்சு. "காலி டிஸ்க் போலக்கா"ன்னுட்டே பையன் எஸ் குடுத்துட்டான், பக்கத்துலயே நின்ன எனக்கும் தெரியல.

டிஸ்க் காலியும் இல்ல, கெட்டும் போகல. தம்பி போட்டது எக்ஸ்ட்4, உபுண்டு வழக்கமா வெச்சிக்கற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்ல ஃபைல அடுக்கி வெக்கற முறை, விண்டோசுக்கு அதைத் தானா படிக்க வராது. படிக்க வரலன்னு சொல்லாம அழிக்கவான்னு கேக்குது பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல.

போன் பண்ணினா தம்பி சொன்னான், "அதுல இனி எதையும் காப்பி பண்ணாத, கழட்டி வை". க்விக் ஃபார்மட்ல எந்த ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற பட்டியல்தான் போகுமாம், மேல வேற எழுதாத வரைக்கும் உள்ள இருக்கற ஃபைல் பெரும்பாலும் அப்படியே கிடக்குமாம். லீவு போட்டு வந்து ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர வெச்சு முக்காவாசி எடுத்துட்டான். ஆனா ஒண்ணுக்கும் பேரு இல்ல, எல்லாம் எஃப்னு ஆரம்பிச்சு வெறும் நம்பர். அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாத்து இது மயில்கண்ணு, இது கோபுரக் கரைன்னு சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்.

ரெண்டு சிஸ்டத்துலயும் மாத்தி மாத்தி போடற டிஸ்க்னா முதல்லயே எக்ஸ்ஃபேட்ங்கற ஃபைல் சிஸ்டத்துல போட்டுடுங்க. அதோட விவரத்த மைக்ரோசாஃப்ட் 2019ல வெளியிட்டதுக்கப்புறம் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலுக்குள்ளயே சப்போர்ட் வந்துடுச்சு, மேக்லயும் எழுதலாம். பழைய ஃபேட்32ல ஒரு ஃபைல் 4 ஜிபிய தாண்ட முடியாது, கல்யாண வீடியோ ஏறாது. எக்ஸ்ஃபேட்லயும் ஒரு குறை இருக்கு, ஜர்னல், அதாவது என்ன மாத்தப் போறோம்னு முன்கூட்டியே எழுதி வெக்கற குறிப்பு, கிடையாது, காப்பி ஓடறப்ப கரண்ட் போனாலோ வெடுக்குனு புடுங்கினாலோ ஃபைல் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம், எஜெக்ட் குடுத்துத்தான் எடுக்கணும்.

ஒரே லேப்டாப்ல விண்டோசும் உபுண்டுவும் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் குடுத்தாலும் அது முழுசா நிக்கறதில்ல, பாதி தூக்கம்தான், அதனாலதான் உபுண்டு பக்கம் போனா விண்டோஸ் டிரைவ்ல எழுத விடாது. ஷிஃப்ட்ட அழுத்திட்டு ஷட்டவுன் குடுங்க.

2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப்லயே விண்டோசும், இந்தியாவுலயே உருவாக்கின பாஸ் லினக்சும் சேர்ந்துதான வந்துச்சு, நம்ம ஊருக்கு லினக்ஸ் புதுசா என்ன? கடைக்காரங்க அந்தப் பெட்டி வந்தா "இது எந்த சிஸ்டத்துல போட்டதுங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் கைய வைக்கணும். தயவுசெஞ்சு இத சேலம் பதிப்புல போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.