ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு: இந்த வாரம் பந்தோடு பாடம்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு பெரிய வகுப்புக்குப் பாடம், இயேசு மெய்யான தேவன், மெய்யான மனிதன் என்பது. ரங்கூன் பிள்ளைகளுக்குக் காலோடு பிறந்த விளையாட்டு சின்லோன், பிரம்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டும் ஆட்டம். பிரம்புப் பந்தை நான் கொண்டு வருகிறேன். ஆறாறு பேராக வட்டமாக நிறுத்துங்கள்.

பந்தைத் தட்டும் பிள்ளை "பசித்தார்" என்றால், அடுத்துத் தட்டுகிறவர் "பாவத்தை மன்னித்தார்" என்று சொல்ல வேண்டும். ஒருவர் மனிதத் தன்மையைச் சொன்னால் அடுத்தவர் தெய்வத் தன்மையைச் சொல்ல வேண்டும்; ஒரே தன்மை அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலிலிருந்து ஆட்டம். கி.பி. 451-இல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் அறிக்கையிட்டதும் இதைத்தான்: இரண்டு தன்மைகள், கலப்பதில்லை, பிரிவதுமில்லை.

போன வாரம் இதை ஆடிப் பார்த்தபோது ஒருவன் "படகில் தூங்கினார்" என்றான். அடுத்தவள் "காற்றை அதட்டினார்" என்றாள். மூன்றாமவன் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டான். "ரெண்டும் ஒரே படகிலேயா டீச்சர்?" எனக்குக் கண் கலங்கிவிட்டது. அரை மணி நேரம் பேசியும் இந்தக் கேள்வியை நான் வரவழைத்ததில்லை.

தயவுசெய்து புள்ளி போட வேண்டாம். சின்லோன் வட்டத்தில் எதிரணியே கிடையாது. பந்து விழாமல் எல்லோரும் சேர்ந்து காப்பதுதான் ஆட்டம். தமிழ் வராத பிள்ளை பர்மியமொழியில் சொல்லட்டும், நாம் தமிழில் திருப்பிச் சொல்வோம். அப்புறம், மழை வந்தால் கூடத்துக்குள் பெஞ்சுகளை ஒதுக்க இரண்டு பேர் சீக்கிரம் வந்துவிடுங்கள்.