செல்வந்தர்களின் பழக்கங்களைப் பட்டியலிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர்களுக்கும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கும்,

வணக்கம். எந்தப் பட்டியல் என்று நான் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழு, புத்தகம் படி, ஒரே மாதிரி சட்டை போடு. இந்த ஆண்டு சம்பள உயர்வு இல்லை என்று அறிவித்த கையோடு, எங்கள் அலுவலகத்தில் அதை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

துப்புரவு வேலை செய்யும் அக்காவுக்கும் ஒரு தாள் கிடைத்தது. அவர் நாலு மணிக்கே எழுபவர். சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, இரண்டு பஸ் மாறி வந்து, நாங்கள் நுழைவதற்குள் தரையைத் துடைத்து முடித்திருப்பார். ‘சில்லறை வேலைகளைப் பிறரிடம் ஒப்படைத்து நேரத்தை மிச்சப்படுத்துங்கள்’ என்ற வரியைப் படித்துவிட்டு, “இந்தப் பிறர் நான்தானே?” என்று கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பழக்கத்தை எழுதும்போது, தொழிலுக்கு முதல் போட்டது யார், வீட்டு வேலையைச் செய்வது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆப்பிள் நிறுவனத்தை நடத்திய டிம் குக் விடியுமுன் எழுபவர், சரி. அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் எட்டு மணி நேரம் தூங்கி, முக்கியமான கூட்டங்களைப் பத்து மணிக்கு வைத்துக்கொள்பவர். இருவரிடமும் பணம் இருக்கிறது. 1995-இல் அமேசானில் பெசோஸின் பெற்றோர் சுமார் 2,45,000 டாலர் போட்டார்களே, அது எத்தனையாவது பழக்கம்? பங்கு முதலீட்டில் பெரும் பணக்காரரான வாரன் பஃபெட் 1958-இல் 31,500 டாலருக்கு வாங்கிய வீட்டை விட்டு மாறாததைச் சிலாகிக்கிறீர்கள். அவருடைய நிறுவனம் தனி விமானம் வாங்கிய கதை மட்டும் உங்கள் கட்டுரைகளில் ஏறுவதே இல்லை. பங்குகளை விற்காமல் அடகு வைத்துக் கடன் வாங்கிச் செலவழிப்பதும் பெரும் பணக்காரர்களின் பழக்கம்தான். விற்றால்தானே லாபத்துக்கு வரி? அதைப் பட்டியலில் சேர்த்தால் எங்களுக்கும் கொஞ்சம் உபயோகமாக இருக்கும், அடகு வைக்கப் பங்குதான் இல்லை.

ஃபேஸ்புக்கைத் தொடங்கிய மார்க் சக்கர்பெர்க் பல ஆண்டுகள் சாம்பல் நிற டி-ஷர்ட்டையே போட்டபோது அது எளிமை. இருக்கும் இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போடுபவரை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுத்ததில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பட்டியலை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை, தொழிலுக்கு முதல் போட்டவரையும் தரை துடைப்பவரையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
பட்டியலைப் பெற்றுக்கொண்ட ஊழியர்களில் ஒருவர்